அடித்த கையும் சொன்ன சொல்லும்

தோப்பும்படித் துறைமுகத்தில் தூத்தூர், குளச்சல் பக்கத்து மீனவர்கள் நெடுங்காலமாகத் தொழில் செய்கிறார்கள். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிறார்கள். மலையாளிகளும் நாமும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள்தாம். ஆனாலும் 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை முற்றியபோது, இடுக்கியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். பலர் காட்டு வழியே தேனி மாவட்டத்துக்கு இறங்கினார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன என்பதையும் மறைக்கக் கூடாது.

இதற்கு முன்பே 1991இல் பெங்களூர் எரிந்தது. காவிரி நடுவர் மன்றம் அந்த ஆண்டு ஜூன் 25இல் 205 டி.எம்.சி. நீர் விடும்படி இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. கடையை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாமா ஒருவர் பின்னாளில் சொன்னார்: “எரிஞ்ச சாமானுக்கு லிஸ்ட் எழுதிக் குடுத்தேன் மாப்ளே. தமிழன்னு சொல்லி அடிச்சதை எழுதணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

அந்த விட்டுப்போன வரிதான் முக்கியம். மீன் விலைத் தகராறில் கைகலப்பு வந்தால் அது வெறும் அடிதடி. முன்பின் தெரியாத ஒருவனை, அவன் பேசும் மொழிக்காகவே அடித்தால் அது வெறுப்புக் குற்றம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அடிக்கும்போது சொன்ன சொல்தான்.

மொழி, பிறந்த இடம் காரணமாகப் பகைமை மூட்டுவதைப் பழைய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவு தடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 196ஆம் பிரிவு. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, இதே காரணங்களுக்காகக் கொலை செய்தால் 103(2), கொடுங்காயம் விளைவித்தால் 117(4) பொருந்தும்.

ஆகவே அன்பர்களே, புகார் எழுதும்போது கேட்ட சொல்லைக் கேட்ட மொழியிலேயே எழுதுங்கள். நேரம், இடம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றையும் சேருங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

அண்டை வீட்டு மலையாளி சாட்சி சொல்ல வந்தால் தயங்காமல் கூட்டிப் போங்கள். மாமா கடையிலிருந்து தப்பியதும் ஒரு கன்னடர் வீட்டுப் பின்கட்டு வழியாகத்தான்.