சலானில் பிழை: எது வழக்கைச் சாய்க்கும், எது சாய்க்காது

போக்குவரத்துக் காவலர் தரும் சலானில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலே வழக்கு செல்லாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது, தெருப் பெயர் தவறாக உள்ளது, ஆகவே அபராதம் கட்ட வேண்டாம் என்று நண்பர்களுக்கு அறிவுரை கூறும் மாணவர்கள் பலர். அதை நம்பி நீதிமன்றம் செல்பவர் ஒருநாள் கூலியை இழந்து, அபராதத்தையும் கட்டித் திரும்ப நேரிடும். இதற்கு நேரெதிரான தவறு ஒன்றும் உண்டு. வேறொருவர் செய்த குற்றம் வாகன எண் பிழையால் தம்மீது விழுந்திருக்க, நீதிமன்றத்துக்கு அலைய அஞ்சி ஆயிரம் ரூபாயைக் கட்டிவிடுவது. இரண்டாவது தவறே நம் மக்களிடம் அதிகம்.

குற்றச்சாட்டில் உள்ள பிழை, குற்றஞ்சாட்டப்பட்டவரை உண்மையிலேயே திசைதிருப்பி, அதனால் நீதி தவறியிருந்தாலன்றி அப்பிழையைப் பெரிதாகக் கருதலாகாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 215ஆம் பிரிவும் இதையே கூறியது. சலானில் உள்ள பிழையையும் இந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பதே அறிவுடைமை. பெயரில் ஓர் எழுத்து மாறியதால் யாரும் திசைமாறிப் போவதில்லை. வாகன எண்ணில் ஓர் எழுத்து மாறினால் குற்றவாளியே மாறிவிடுகிறார். ஆங்கில ‘பி’யும் 8ம், ‘டி’யும் 0வும் மங்கிய எண்பலகையில் ஒன்றுபோலவே தெரியும். ஆட்டோ வைத்திருப்பவருக்குத் தலைக்கவசம் அணியாத குற்றத்துக்குச் சலான் வந்தால், அந்த முரண்பாடே அவருடைய முதல் சான்று.

குற்றப்பிரிவு தவறாகக் குறிக்கப்படுவதும் சிறு பிழையன்று. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதங்களின்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் தலைக்கவசம் அணியாமைக்கு 1,000 ரூபாய். 181ஆம் பிரிவில் உரிமமின்றி ஓட்டியதற்கு 5,000 ரூபாய். உரிமம் கையில் இருப்பவர்மீது பின்னது பதியப்பட்டால், இழப்பது ஒரு வாரக் கூலிக்கும் மேல்.

கேமரா வழி வரும் சலானுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, குற்றத்தையும் எண்பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியன இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே முதலில் பரிவாகன் இ-சலான் இணையப் பக்கத்தில் படத்தைத் திறந்து பாருங்கள். வண்டியின் நிறம், மாடல், எண் மூன்றையும் உங்கள் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். விற்றுவிட்ட வண்டிக்குச் சலான் வருவது எழுத்தர் பிழை ஆகாது. விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

பிழை உறுதியானால் பணத்தைக் கட்டாதீர்கள். 200ஆம் பிரிவின்கீழ் இணக்கக் கட்டணம் செலுத்தினால் விவகாரம் அத்துடன் முடிந்துவிடுகிறது. பிறகு மறுப்பது மிகக் கடினம். பதிவுச் சான்றின் நகல், உங்கள் வண்டியின் படம், சலான் படம் ஆகியவற்றை இணைத்து இ-சலான் பக்கத்தில் புகார் பதியுங்கள். போக்குவரத்துக் காவல் அலுவலகத்திலும் எழுத்துமூலம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். திருத்தம் நடக்காமல் சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே கட்டணம் செலுத்தும் வழியோடு மறுத்து வழக்காடும் வழியும் இருக்கும். மறுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். சும்மா விட்டுவிடுவது மட்டும் வழியல்ல. நிலுவைச் சலான் பின்னர் வண்டியின் பெயர்மாற்றத்தின்போது குறுக்கே வந்து நிற்கும்.

மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். அது சமரச மன்றம். அபராதம் குறையலாம், ஆனால் நீங்கள் குற்றமற்றவர் என்று அங்கே தீர்ப்பாகாது. அதன் முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்பதே பெரும்பாலோர் பின்வாங்கக் காரணம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. பெண்களுக்கும் அவ்வாறே. நம் தோழர்களிலேயே பலர், இது வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு மட்டுமானது என எண்ணியிருக்கிறார்கள். சாதிச் சான்றின் நகலோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ வட்டக் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வண்டியை நிறுத்தியபோது சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால், அது வேறு குற்றம். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கோடு அவ்வாறு செய்திருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் புகார் அளிக்கலாம். அதே சட்டத்தின் 3(1)(பி) பிரிவு பொய்யான, தீயநோக்குடைய வழக்கைப் பற்றியது. வெறும் எழுத்துப் பிழையை அதற்குள் அடக்க முயன்றால் புகாரே வலுவிழக்கும். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். இழிசொல்லைப் பற்றிய புகாரில் நேரம், இடம், சொன்ன சொற்கள், அருகிலிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். சலான் ரத்தானாலும் ஆகாவிட்டாலும் அந்தப் புகார் தனியே நிற்கும்.