காவலில் பிழைத்த காட்டெருது

போலந்துக்கும் பெலாரசுக்கும் இடையே கிடக்கும் பியாவோவியேஜா காட்டை மனிதக் கை படாத ஆதிக்காடு என்றே பலரும் எழுதுகிறார்கள். அதனால்தான் பைசன் என்னும் பெரிய காட்டெருது அங்கே தப்பியதாம். அந்தக் காட்டின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை. போலந்து மன்னர்களும் பின்னர் ரஷ்யச் சார்களும் தங்கள் வேட்டைக்காக அதற்குக் காவல் போட்டார்கள். மற்றவர்கள் பைசனைத் தொடக்கூடாது. பனிக்காலத்தில் அதற்குக் காய்ந்த புல்லும் வைத்தார்கள். ஏறக்குறைய ஐரோப்பா முழுதும் அற்றுப்போன விலங்கு இங்கே நிலைத்ததற்கு இந்தக் காவலே காரணம் என்பேன். முதல் உலகப்போர் தொடங்கும்போது சுமார் 700 பைசன்கள் இருந்தன. 1915இல் ஜெர்மன் படை காட்டைப் பிடித்தது. படையினரும் கள்ள வேட்டைக்காரர்களும் இறைச்சிக்காகச் சுட்டுத் தள்ள, 1919க்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது, காவல்தான் போயிருந்தது. 1927இல் காகசஸ் மலையிலும் கடைசிப் பைசன் மாண்டது.

மீட்பு தொடங்கியது உயிரியல் பூங்காக்களில். 1923இல் பைசனைக் காக்க ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. கூண்டுகளிலும் தோட்டங்களிலும் எஞ்சிய 54 விலங்குகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றின் தாய் தகப்பனையும் ஏட்டில் பதிந்தார்கள். இன்றுள்ள அத்தனையும் அவற்றின் மூதாதைகளான 12 பைசன்களின் வழி வந்தவை. 1929இல் வேலிக்குள் விட்டு வளர்த்து, 1952இல்தான் பியாவோவியேஜாவில் திறந்துவிட்டார்கள். இவ்வளவு நெருங்கிய இரத்த உறவு நோய்க்கு இடம் கொடுக்காதா என்று கேட்பது நியாயம். கொடுக்கும், எதை எதோடு சேர்ப்பது என்று இன்றும் ஏட்டைப் பார்த்து முடிவு செய்வது அதனால்தான். பைசன் காட்டுக்குரியதே அல்ல, புல்வெளியிலிருந்து மனிதன் விரட்டக் காட்டில் ஒதுங்கியது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அது ஏற்புடையதே. நெதர்லாந்தின் கிரான்ஸ்விலாக் மணற்குன்றுகளில் 2007 முதல் பைசன்கள் பெரும்பாலும் புல் மேய்ந்து நன்றாகவே வாழ்கின்றன. அடர்ந்த காட்டைக் காட்டி 'இதுதான் பழைய ஐரோப்பா' என்று சொல்வதைத்தான் இந்த வாதம் தகர்க்கிறது. மீட்புப் பணியை அல்ல.

விவசாயிகளின் எதிர்ப்பு வேறு வகை. பனிக்காலத்தில் மந்தை வயலில் இறங்கினால் இழப்பு கிராமத்துக்கு, பெருமை நகரத்துக்கு. போலந்து அரசு இழப்பீடு தருகிறது, தரத்தான் வேண்டும். 2019இல் பைசன்கள் 6,200ஐத் தாண்டின. 2020இல் அழியும் ஆபத்துப் பட்டியலில் ஒரு படி இறங்கின. அந்த எண்ணிக்கை உயர உயர வயல்களில் சேதமும் கூடும். உழவனுக்கு முழு ஈடு கொடுக்காமல் பைசனை மீட்பது, மன்னர்களின் வேட்டைச் சட்டத்தை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவருவதாகும்.