கயிறு, வயர், பேட்டரி

இந்தியாவில் பழைய கற்காலக் கருவி முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இடம் நம் பல்லாவரம். 1863 மே 30ஆம் தேதி, இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு சரளைக் குழியில் அதைக் கண்டெடுத்தார். தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். தினமும் அந்த வழியாக ஆபீஸ் போய்வந்த நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் கல் வெட்டும், கிழிக்கும். ஆனால் துளை போடாது. துளை போடுவது வேறு வித்தை. வெட்டுவதற்கு ஒரு கையின் வலு போதும். துளைப்பதற்கோ ஒரு பொருளை ஓரிடத்தில் நிறுத்தவேண்டும், சுழற்றவேண்டும், அதே நேரத்தில் அழுத்தவும் வேண்டும். மனிதனுக்கு இருப்பது இரண்டே கை. இன்று நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் கார்ட்லெஸ் டிரில் வரை வந்த கதை முழுவதும், இந்தக் கைப் பற்றாக்குறையைத் தீர்த்த கதைதான்.

முதல் தீர்வு கயிறு. நம் தச்சர்கள் வைத்திருந்த துரப்பணத்தை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு மரத்தண்டு, அதன் நுனியில் இரும்பு முனை, தண்டைச் சுற்றி ஒரு கயிறு, கயிற்றின் இரு முனையும் ஒரு வில்லில். இடது கை மேலே அழுத்த, வலது கை வில்லை முன்னும் பின்னும் இழுக்கும். பெரிய துளை என்றால் ஒருவர் அழுத்த, இன்னொருவர் கயிற்றை இழுப்பார். மிகப் பழைய முறை இது. குஜராத்தின் கம்பாத்தில் கல்மணி செய்பவர்கள் இதே வில்லை வைத்து, முனையில் துளியூண்டு வைரம் பதித்து, மணிகளில் துளை போட்டுவந்தார்கள். எங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோதும், பிறகும் கிடைத்த மணிகளைப் பார்த்தால், கோக்கும் துளை இல்லாவிட்டால் மணிக்கு மதிப்பில்லை என்பது புரியும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆரம்பப் பள்ளியில் 'லெஸோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம் என்று அர்த்தம். விளக்கு, தராசு, தச்சன் கருவிகள் எல்லாம் அதில் வரும். அதில் ஒன்று 'வில்பிரெக்கேன்'. கைப்பிடியை வட்டமாகச் சுற்றித் துளை போடுவது. பெயரில் 'வில்' இருப்பது தற்செயல்தான், நம் வில்லுக்கும் அதற்கும் உறவில்லை. கயிற்றுக்குப் பதில் அதில் வளைந்த இரும்பு. ஆனாலும் இரண்டு கையும் அதற்கே வேண்டும்.

மின்சாரம் வந்த பிறகு சுழற்றும் வேலை கையைவிட்டுப் போனது. 1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்நாட், பிரெய்ன் என்ற இருவர் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895இல் ஜெர்மனியில் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கிப்போகக்கூடிய ஒன்றைச் செய்தது. அதையும் இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். அமெரிக்காவின் பிளாக், டெக்கர் என்ற இரண்டு கூட்டாளிகள் அதற்குத் துப்பாக்கி போன்ற பிடியும், விரலால் அழுத்தும் விசையும் வைத்து 1917இல் காப்புரிமை வாங்கினார்கள். ஒரு கை விடுதலையானது அப்போதுதான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது தொழிற்சாலை ஆட்கள் இந்தக் கருவியை வீட்டு வேலைக்கு எடுத்துப்போவதைப் பார்த்த அதே நிறுவனம், 1946இல் வீட்டுக்கென்றே மலிவான டிரில் விற்க ஆரம்பித்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? 1931இல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்துவிட்டது. ஆனால் அந்த மின்சாரத்தால் வீட்டுச் சுவரில் துளை போடலாம் என்று யாரும் நினைக்கவில்லை. சேலையூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மனை வாங்கி, ஹவுஸ் பில்டிங் அட்வான்ஸ் போட்டு வீடு கட்டியவர்கள், சுவரில் சாமி படம் மாட்ட ஆள் கூப்பிட்டார்கள். அவர் உளியால் கொத்தி, மரக்கட்டையைச் செருகி, சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். காய்ந்த பிறகு மறுநாள் வந்து ஸ்க்ரூ முடுக்குவார். ஒரு படத்துக்கு இரண்டு நாள். வாடகை வீடு என்றால் அதுவும் கிடையாது. 'ஆணி அடிக்கக் கூடாது' என்பது வாடகை ஒப்பந்தத்தின் எழுதாத முதல் ஷரத்து.

அந்த மரக்கட்டையை ஒழித்தது ரால் பிளக். ஹார்டுவேர் கடையில் நாம் கேட்டு வாங்கும் இந்தப் பெயர், ஜான் ராலிங்ஸ் என்ற லண்டன் ஒப்பந்தக்காரருடையது. பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைக் கொத்திக் கெடுக்காமல் மின் இணைப்புப் பொருள்களைப் பொருத்தவேண்டியிருந்தபோது அவருக்குத் தோன்றிய யோசனை அது. காப்புரிமை 1911. நாரால் செய்த அந்தப் பிளக்கை 1958இல் நைலானுக்கு மாற்றியவர் ஜெர்மானியரான ஆர்தர் ஃபிஷர். சிறிய துளை, உள்ளே பிளக், அதில் ஸ்க்ரூ. ஸ்க்ரூ உள்ளே போகப்போக பிளக் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். காயவேண்டிய சிமெண்ட் இல்லை, மறுநாள் வரவேண்டிய ஆளும் இல்லை.

மிச்சம் இருந்தது வயர். இங்கே ஒரு வாட்ஸ்அப் புராணத்தைத் திருத்தவேண்டும். நிலவுக்குப் போகத்தான் அமெரிக்கர்கள் வயரில்லாத டிரில்லைக் கண்டுபிடித்தார்கள் என்று பலரும் அனுப்புகிறார்கள். உண்மை வேறு. நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் 1961லேயே கொண்டுவந்துவிட்டது. நிலவுக்கான டிரில் பிறகு அவர்கள் பங்கேற்றுச் செய்தது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் அதைக் கொண்டுபோனார்கள். நிலவின் மண்ணில் அது மாட்டிக்கொண்டது. இறக்கிய குழாயை வெளியே இழுக்க டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அங்கேயும் கைப் பற்றாக்குறை!

பழைய நிக்கல் காட்மியம் கனமானது, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கிவிடும். ஆண்டுக்கு நாலு தடவை எடுக்கும் வீட்டுக்கு அது உதவாது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி 2005 வாக்கில் டிரில்லுக்குள் நுழைந்தது. இந்த பேட்டரியை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு. அதற்குப் பிறகுதான் வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளாக இது மாறியது. மகனோ மருமகனோ லீவில் வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன பெட்டி, பல வீடுகளில் இப்படி வந்ததுதான்.

அந்தப் பெட்டியைத் திறக்கும் முன் நம் ஊர்க் கல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. செங்கல் சுவரில் 12 வோல்ட் டிரில்லே, தட்டிக்கொண்டே சுற்றும் ஹேமர் வசதி இருந்தால், வெண்ணெயில் கத்திபோல் போகும். அதே டிரில்லைக் கான்கிரீட் தூணில் வைத்தால் அரை அங்குலத்தில் நின்றுவிடும். டிரில் கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருப்பது கருங்கல் ஜல்லி. பல்லாவரம், திரிசூலம் மலைகளின் கல்லுக்கு நிலவியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல் போயிருந்ததால், 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் வைத்த பெயர். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. அதை எதிர்க்க டங்ஸ்டன் கார்பைடு முனை வேண்டும். 1920களில் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் அதை விற்றபோது வைத்த பெயர் 'விடியா'. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம். கம்பாத் மணிக்காரர்கள் கண்ட வழிக்கே உலகம் திரும்பி வந்திருக்கிறது. முனை இருந்தாலும், தூணுக்கும் பீமுக்கும் பெரிய ஹேமர் மிஷின் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே புத்தி.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், நம் வயதில் ஒரு குறிப்பிட்ட துளைக்கு அவசியம் அதிகம். குளியலறைக் கைப்பிடியைச் சொல்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இருவர் மட்டும், டைல்ஸ் தரை, சோப்புத் தண்ணீர். விழுந்தால் இடுப்பு. அடுத்த வாரம் ஆள் வருவார் என்று கைப்பிடி மாதக்கணக்கில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

டைல்ஸ் மேல் ஒட்டும் டேப் ஒன்றை ஒட்டினால் முனை வழுக்காது. டைல்ஸ் தாண்டும்வரை ஹேமரை அணைத்துவைத்து மெதுவாகப் போகவேண்டும், செங்கல் வந்த பிறகு ஹேமரைப் போடலாம். ஸ்விட்ச் போர்டுக்கும் குழாய்க்கும் நேர் மேலேயும் கீழேயும் துளை போடக்கூடாது, உள்ளே வயரோ தண்ணீர்க் குழாயோ ஓடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், படிக்கும் கண்ணாடியைச் சொல்லவில்லை. ஸ்டூல் மேல் ஏறிச் செய்யும் வேலைகளை இளையவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஒரு தெருவுக்கோ ஒரு அடுக்ககத்துக்கோ ஒரு டிரில் போதும், சங்கத்தில் ஒன்று வாங்கி வைக்கலாம்.

கயிறு போய், வயரும் போய், இப்போது ஒரு கை முழுதாக மிச்சம். நம்மைப் போன்றவர்கள் அதைச் சுவரில் ஊன்றிக்கொள்ளலாம்.