சமயம் கேளாத தொண்டு

எமது பாடசாலை நூற்றாண்டு காணும் இவ்வேளையில், இங்கு நாம் கற்ற பிறர்சேவை என்னும் பாடத்தின் வேரொன்றை நினைவுகூர விரும்புகின்றோம். அவ்வேர் 300 ஆண்டுகளுக்கு முன்னரே எம் நாட்டு மண்ணில் ஊன்றியது.

ஒல்லாந்தர் தமது ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. கோவாவில் பிறந்த யோசேவாஸ் அடிகளார், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றோட்டத்தால் வருந்தினார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய உளவாளி என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார்.

அதே கண்டியில் 1697இல் வைசூரி பரவியது. ஜென்னரின் அம்மைப்பால் வருவதற்கு இன்னும் ஏறத்தாழ 100 ஆண்டுகள் இருந்தன. அச்சத்தினால் உறவினரே நோயாளரைக் கைவிட்டனர். அடிகளாரும் அவருடைய உறவினரான யோசேப் கர்வாலோ குருவானவரும் ஓடவில்லை. நோயாளருக்குக் குடிசைகள் அமைத்தனர், உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். அவர்களது பராமரிப்பு கத்தோலிக்கருக்கு மட்டுமென்று இருக்கவில்லை. பௌத்தரையும் அவர்கள் அவ்வாறே பேணினர்.

மருத்துவத்துறையில் பணிபுரியும் நாம் இதன் பெறுமதியை நன்கறிவோம். வைசூரிக்கு அன்று மருந்தில்லை. தண்ணீர், உணவு, சுத்தம், அருகில் ஓர் ஆள் என்பனவே சிகிச்சை. கொரோனாக் காலத்திலும் நோயைவிட அச்சமே பலரைத் தனிமைப்படுத்தியதைக் கண்டோம்.

இத்தகைய தொண்டின் பொருளைத் திருச்சபை பின்னர் தன் சமூகப் போதனைகளில் விரித்துரைத்தது. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல், நீதியான கூலி தொழிலாளியின் உரிமை என்றது. உரிமையாகக் கொடுக்க வேண்டியதைத் தருமமாகக் கொடுத்து மனநிறைவு அடைதல் ஆகாது. 2005இல் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் எழுதிய சுற்றுமடலோ, மதம் மாற்றும் கருவியாக அன்புப்பணியைப் பயன்படுத்தலாகாது என்றது. கண்டியின் குடிசைகளில் செய்கையாக இருந்தது, இங்கே போதனையாயிற்று.

1711இல் கண்டியிலேயே மறைந்த அடிகளாரை, 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

எத்தேசத்தில் வாழ்ந்தாலும், பழைய மாணவியராகிய நாம் உதவி செய்யுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இவருக்கு என்ன தேவை? இவர் யார் என்பது அதற்குப் பிறகு வரட்டும்.