செரெங்கெட்டி: ஒரு பயணத் திட்டத்தின் வரலாறு

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் அடுத்த பெப்ரவரியில் குடும்பத்துடன் ஆபிரிக்கா செல்லவிருக்கிறார். பயண முகவர் தயாரித்துக் கொடுத்த நிகழ்ச்சி நிரலை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "நீர் பத்திரிகைக்காரர், நாலு விடயம் வாசித்திருப்பீர். இதில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்?" என்று கேட்டிருந்தார். தன்சானியாவின் அரூஷா நகரில் தொடங்கி, கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் மூன்று இரவுகள் கூடாரத்தில் தங்கித் திரும்புவது திட்டம்.

நான் அந்த மண்ணை மிதித்தவனல்லன். ஆகவே கூடாரம் எப்படி, சாப்பாடு எப்படி என்பதையெல்லாம் போய்வந்தவர்களிடம் விசாரிக்குமாறு எழுதினேன். பணத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொன்னேன். பூங்காவுக்குள் நிற்கும் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் ஆளொருவருக்கு டொலரில் கட்டணம் உண்டு. கோரோங்கோரோவைக் கடந்து போவதற்கு ஒரு கட்டணம், வாகனம் பள்ளத்தினுள் இறங்குவதற்கு இன்னொன்று. நேரத்தைத் தவறவிட்டால் இன்னொரு நாளுக்கான பணமும் போய்விடும்.

ஆனால் அந்த நிரலை வாசிக்க வாசிக்க எனக்கு வேறொன்று தோன்றியது. மாதத்தையும் பாதையையும் தங்குமிடத்தையும் முகவர் தெரிவு செய்ததாக நண்பர் எண்ணுகிறார். உண்மையில் அவற்றை எப்போதோ வேறு பலர் தெரிவு செய்துவிட்டார்கள்.

சஃபாரி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பயணத்தைக் குறிக்கும் அறபுச் சொல்லான ‘சபர்’ சுவாஹிலி மொழியில் ‘சஃபாரி’ ஆயிற்று. எமது முஸ்லிம் மக்களின் தமிழில் அச்சொல் இன்றும் ‘சபர்’ என்றே வழங்குகிறது. கிழக்காபிரிக்காவில் வணிகக் கூட்டங்கள் சுமை தூக்குவோருடன் மாதக்கணக்கில் நடந்து சென்ற பயணமே முதலில் சஃபாரி எனப்பட்டது. வெள்ளையரின் கையில் அது வேட்டைப் பயணமாயிற்று. 1909 இல் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய சில வாரங்களிலேயே மொம்பாசாத் துறைமுகத்தில் கால்வைத்த தியோடர் ரூஸ்வெல்ட், தம் மகனுடன் சேர்ந்து சுட்டுவீழ்த்திய பெரு விலங்குகள் 512. அருங்காட்சியகத்துக்காகச் சுட்டதாகக் காரணம் சொல்லப்பட்டது.

செரெங்கெட்டிச் சமவெளியில் 1920களில் மோட்டார் வாகனத்தில் இருந்தபடியே சிங்கங்களைச் சுடும் வழக்கம் பரவியது. இதனைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதியவர்களில் டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் என்னும் வேட்டைக்காரரும் ஒருவர். துப்பாக்கியை வைத்துவிட்டுப் புகைப்படக் கருவியை எடுங்கள் என்று செல்வந்தர்களுக்குச் சொல்லத் தொடங்கியவரும் அவரே. 1929 இல் சமவெளியின் ஒரு பகுதி வேட்டைவிலங்குக் காப்பகமாயிற்று. 1951 இல், பிரித்தானியரின் நிர்வாகத்தில் இருந்த தங்கனீக்காவில், கோரோங்கோரோவையும் உள்ளடக்கிச் செரெங்கெட்டி தேசியப் பூங்கா உருவானது.

இனி, பெப்ரவரி மாதத்துக்கு வருவோம். முகவர் இம்மாதத்தைக் குறித்ததில் பிழையில்லை. வில்டபீஸ்ட் என்னும், மாட்டின் சாயலுடைய மான்கள் பல இலட்சம், டிசெம்பர் முதல் மார்ச் வரை தெற்குச் சமவெளியில் தங்குகின்றன. எரிமலைச் சாம்பல் படிந்த அந்த நிலத்தில் மரம் வேரூன்றுவதில்லை. ஆனால் கல்சியமும் பொசுபரசும் செறிந்த குறும்புல் வளர்கிறது. அதனால் அங்கேயே கன்று ஈனுகின்றன. பெரும்பாலான கன்றுகள் பெப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் தின்று முடிக்க இயலாத எண்ணிக்கை. யூலை முதல் ஒக்டோபர் வரை சென்றால் வடக்கே மாரா ஆற்றை அவை கடப்பதைக் காணலாம். ஏப்ரல், மே பெருமழைக் காலம்.

இதே பெப்ரவரியில்தான் மசாய் இடையர்கள் தம் மாடுகளை அச்சமவெளியிலிருந்து விலக்கி மேட்டு நிலத்துக்குக் கொண்டுசெல்வது வழக்கமாயிருந்தது. வில்டபீஸ்ட் கன்றுகள் காவும் ஒருவகை வைரசு மாடுகளுக்குத் தொற்றினால் மாடு பிழைக்காது. மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைக்குமுன்னரே கன்று ஈன்ற புல்வெளியில் மாடு மேயக்கூடாது என்பதை மசாய்கள் அறிந்திருந்தனர். கன்று ஈனும் பருவத்தில் மான், அது நகர்ந்தபின் மாடு என்று ஒரே புல்வெளி முறைவைத்து மேயப்பட்டது.

இந்த முறைமையை முதலில் குலைத்தது வெக்கை நோய். 1880களின் இறுதியில் ஆபிரிக்காவின் வடகிழக்குக் கரையில், ஐரோப்பியப் படையினருக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு வந்திறங்கிய இந்நோய், பத்தாண்டுகளுக்குள் தென்முனை வரை பரவியது. மசாய்களின் மாடுகளில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பர். 1892 இல் கோரோங்கோரோ வழியாகச் செரெங்கெட்டிக்குள் புகுந்த ஒஸ்கார் பௌமன் என்னும் ஒஸ்ரியர், எலும்புக்கூடாய் நடமாடிய மசாய்ப் பெண்களையும் சிறுவர்களையும் கண்டு எழுதிவைத்திருக்கிறார். மாடும் மனிதரும் அற்ற நிலத்தில் புதர் மண்டியது. புதரோடு தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயும் பெருகியது. பின்னால் வந்த ஐரோப்பியர் இந்த வெறுமையைக் கண்டு, மனித காலடி படாத ஆதி வனம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

நோய் காட்டு விலங்குகளையும் விட்டுவைக்கவில்லை. 1961 இல் எண்ணியபோது வில்டபீஸ்ட்கள் இரண்டரை இலட்சத்தளவே இருந்தன. சுற்றுப்புறத்து இடையர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதும் மான்களிடையேயும் நோய் அற்றுப்போயிற்று. 1970களின் இறுதியில் அவற்றின் தொகை 13 இலட்சத்தைத் தொட்டது. நண்பர் காணப்போகும் அந்தக் கடல்போன்ற கூட்டம் மாட்டுக்குப் போட்ட ஊசியின் விளைவு. இதை எந்தப் பயணக் கையேடும் சொல்வதாகத் தெரியவில்லை. மந்தை இவ்வளவு பெருகியபின் கன்று ஈனும் புல்வெளிகளை மசாய்கள் இன்னும் நீண்டகாலம் விட்டு விலகியிருக்க வேண்டியதாயிற்று.

பூங்கா அறிவிக்கப்பட்டபோது மசாய்கள் அதனுள் தொடர்ந்து வாழலாம் என்றே கூறப்பட்டது. பின்னர் பயிர்ச்செய்கைக்கும் புல் எரிப்பதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. அவர்கள் எதிர்த்தனர். பூங்காவைப் பிரித்து ஒரு பகுதியை இடையர்களுக்கு விட்டுவிட அரசாங்கம் 1956 இல் யோசனை சொன்னதும், ஐரோப்பிய, அமெரிக்க இயற்கைப் பாதுகாவலர்கள் கொதித்தெழுந்தார்கள். குழு அமைந்தது, அறிக்கை வந்தது. 1958 இல் மசாய் மூத்தோர் 12 பேர், செரெங்கெட்டியை விட்டு வெளியேறச் சம்மதிக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். 1959 இல் கோரோங்கோரோ தனியாகப் பிரிக்கப்பட்டு, மனிதரும் மாடும் விலங்கும் சேர்ந்து வாழும் பாதுகாப்புப் பிரதேசமாயிற்று. அங்கே விலங்குகளின் நலனும் மக்களின் நலனும் முரண்பட்டால் மக்களின் நலனே முதன்மை பெறும் என்று அவ்வாண்டில் ஆளுநர் வாக்களித்தார்.

மசாய்களும் அம்மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் டடோகா இடையர்களை விரட்டியே அவர்கள் கோரோங்கோரோவைப் பிடித்தார்கள். மேற்கே வாழ்ந்த இகோமா போன்ற வேட்டைக் குடியினரோ எந்த உடன்படிக்கையிலும் இடம்பெறாமலே, பூங்கா எல்லை வரையப்பட்டதும் ‘களவேட்டைக்காரர்’ ஆனார்கள்.

இக்காலத்தில்தான் பிராங்பேர்ட் விலங்குக்காட்சிச்சாலையின் பணிப்பாளர் பேர்ன்ஹார்ட் கிறிசிமெக், வரிக்குதிரைபோல வண்ணம் தீட்டிய சிறு விமானத்தில் மகன் மிக்கேலுடன் வந்து, செரெங்கெட்டி விலங்குகளை ஆகாயத்திலிருந்து எண்ணினார். 1959 ஜனவரி 10 ஆம் நாள் ஒரு கழுகு விமானத்தின் சிறகில் மோதியதால் மிக்கேல் இறந்தார். வயது 24. இருவரும் எடுத்த ‘செரெங்கெட்டி அழியக்கூடாது’ என்னும் படம் அடுத்த ஆண்டு ஒஸ்கார் விருது பெற்றது. தேசியப் பூங்காவில் அந்நாட்டு மக்கள் உட்பட எந்த மனிதரும் வாழலாகாது என்பது கிறிசிமெக்கின் உறுதியான கொள்கை. பூங்காவைப் பிழைக்கவைக்கச் சுற்றுலாப் பணம் வேண்டும் என்றும் அவர் கணித்தார். அப்போது இல்லாத ஒரு கிழக்காபிரிக்கச் சுற்றுலாவை, இருப்பதாக ஜேர்மன் தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார்! மக்கள் கேட்டுவரவே, பயண நிறுவனங்கள் அதை உண்மையாக்கின. என் நண்பரின் நிகழ்ச்சி நிரலுக்கு அதுவே மூதாதை எனலாம். கோரோங்கோரோவின் விளிம்பில் தந்தையும் மகனும் அருகருகே அடக்கம்பெற்றிருக்கிறார்கள். அந்த மனிதரின் துயரத்தையும் உழைப்பையும் நான் மதிக்கிறேன். செரெங்கெட்டி இன்றும் இருப்பதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்களில் எத்தனை பேர், அவ்வாண்டே மாடுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே நடந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

அவர்களுக்குத் தந்த வாக்குறுதி எவ்வளவு காலம் நின்றது? 1974 இல் எரிமலைப் பள்ளத்தின் அடித்தளத்தில் வாழ்ந்தோர் ஆயுதப் படையினரால் வெளியேற்றப்பட்டனர். அடுத்த ஆண்டு பயிர்ச்செய்கையும் தடைசெய்யப்பட்டது. 1959 இல் சுமார் 8,000 ஆக இருந்த கோரோங்கோரோ இடையர் தொகை பின்னர் ஒரு இலட்சத்தை எட்டியது. நிலம் தாங்காது என்பது அரசாங்கத்தின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் 2022 இல் சுமார் 600 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ம்சொமேராவுக்கு மக்களை இடம்மாற்றத் தொடங்கியபோது, விருப்பத்தின் பேரிலேயே போகிறார்கள் என்ற அரசாங்கத்தின் கூற்றை மசாய்களில் பலர் மறுத்தனர். அவ்வாண்டு யூனில், செரெங்கெட்டியை அடுத்த லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றருக்கு எல்லைக்கல் நடப்பட்டபோது மோதல் மூண்டது. பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். காயமுற்ற மசாய்கள் எல்லை கடந்து கென்யாவுக்கு ஓடினார்கள். 2024 ஓகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் செரெங்கெட்டிக்குச் செல்லும் பாதையை மறித்து அமர்ந்தார்கள். நண்பரின் வாகனம் செல்லவிருப்பது அதே பாதையில்தான்.

எங்கள் நாட்டிலும் இது நடந்தது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது, வேடர்கள் தம் வேட்டை நிலத்திலிருந்து குடியேற்றத் திட்டக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டனர். வெளியேற மறுத்துத் தம்பானையிலேயே தங்கிவிட்ட முதுதலைவர் திசாஹாமி 1998 இல் காலமானார்.

நண்பருக்கு நான் எழுதிய ஆலோசனை இரண்டே. பாதையோரத்தில் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். மேரி லீக்கி பதினேழரை இலட்சம் ஆண்டு பழமையான மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம் அது. அதுவும் 1959 இல்தான். ‘ஓல்டுபாய்’ என்பது அங்கே முளைக்கும் காட்டுக் கற்றாழை போன்ற செடிக்கு மசாய்கள் வைத்த பெயர். வந்த வெள்ளையர் காதில் அது பிழையாக விழுந்து அப்படியே வரைபடத்தில் ஏறிவிட்டது. ‘செரெங்கெட்டி’ என்பதும் அவர்கள் மொழியில் முடிவின்றி விரியும் நிலம்.

மற்றது, பூங்காவின் நடுவே செரொனெராவுக்குத் தெற்கில் உள்ள மோரூ பாறைக் குன்றுகள். அங்கே ஒரு பாறைக் குடைவில் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாய் மசாய் வீரர்களின் கேடயங்கள் வரையப்பட்டிருக்கின்றன. இளைஞர்கள் ஊரைவிட்டு வந்து தங்கி, மாடறுத்து உண்டு, பொழுதுபோக்காக வரைந்தவை என்பர். அவற்றைக் காட்டுமாறு சாரதியிடம் கேளுங்கள் என்று எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. மோரூ ஏற்கெனவே நிரலில் இருக்கிறதாம். அதற்கு நேரே முகவர் "காண்டாமிருகம்" என்று மட்டும் குறித்திருக்கிறாராம்.