மீட்டர் யாரைப் பார்க்கிறது?

மோட்டார் வண்டிக்குள் இருக்கும் மானிகள் யாவும் ஓட்டுநரை நோக்கியே அமைந்தவை. வேகமானி, எரிபொருள் மானி, வெப்பமானி ஆகிய மூன்றும் அவருடைய கண்ணுக்காகவே டேஷ்போர்டில் இடம்பெற்றன. வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பிறகு தனியே வாங்கிப் பொருத்தப்படும் ஒரு கருவி மட்டும் இதற்கு விலக்கு. அது டாக்சி மீட்டர். ஓட்டுநரின் வண்டியில் இருந்தாலும் அது பயணியின் கண்ணுக்கானது. ஆகவே அதை எங்கே பொருத்துவது, யார் கைக்கு எட்டாதபடி பொருத்துவது என்பது வெறும் திருகாணி வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

சொல்லின் வரலாறே இதற்குச் சான்று. 'டாக்சி' என்பது முதலில் வண்டியின் பெயரன்று, கருவியின் பெயர். இடைக்கால லத்தீனத்தில் 'டாக்சா' என்றால் வரி அல்லது கட்டணம். கிரேக்கத்தில் 'மெட்ரான்' என்றால் அளவு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் புரூன் 1891இல் உருவாக்கிய கட்டணமானி, முதலில் குதிரை வண்டிகளிலும் பிறகு மோட்டார் வண்டிகளிலும் ஏறியது. 1907இல் லண்டன் வாடகை மோட்டார் வண்டிகளில் அது கட்டாயமாயிற்று. 'டாக்சிமீட்டர் கேப்' எனப்பட்டது 'டாக்சிகேப்' ஆகி, 'டாக்சி' என நின்றது. சொல்லின் முற்பகுதி வண்டிக்குப் போயிற்று. எஞ்சிய 'மீட்டர்' இந்தியத் தெருக்களில் கருவியின் பெயராக நிலைத்தது.

பழைய மீட்டருக்குள் இரண்டு இயக்கங்கள் இருந்தன. கியர் பெட்டியிலிருந்து வரும் கம்பிவடம் சக்கரச் சுழற்சியைக் கொண்டுவரும். உள்ளே ஒரு கடிகாரப் பொறி ஓடிக்கொண்டிருக்கும். இவ்விரண்டில் எது விரைவோ அதுவே கட்டண எண்களை நகர்த்தும். வண்டி ஓடினால் தொலைவுக்குக் கட்டணம். நெரிசலில் நின்றால் நேரத்துக்குக் கட்டணம். ஓட்டுநரின் நேரத்துக்கும் விலை உண்டு என்பதை அந்தப் பற்சக்கரங்கள் ஏற்றுக்கொண்டிருந்தன.

பம்பாயின் கறுப்பு-மஞ்சள் ஃபியட் டாக்சிகளில் இக்கருவி வண்டிக்கு வெளியே, முன்புறம் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்தது. ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். பயணி காத்து நிற்கும் நடைபாதையோ இடப்பக்கம். மீட்டரின் கொடி நிமிர்ந்திருந்தால் வண்டி காலி. சாய்ந்திருந்தால் ஆள் இருக்கிறது. கொடியைக் கீழே சாய்ப்பதே கணக்கின் தொடக்கம். 'மீட்டர் டவுன்' என்னும் பம்பாய் வழக்கு அந்தக் கையசைவிலிருந்து பிறந்தது.

இடத்தைப் போலவே முத்திரையும் முக்கியம். சிறிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு அதிகம் சுழலும். ஆகவே டயரின் அளவு குறைந்தாலே கட்டணம் ஏறிவிடும். மேசையில் வைத்துச் சோதித்தால் மட்டும் போதாது. மீட்டரை வண்டியோடு சாலையில் ஓட்டியும் பார்க்க வேண்டும். பிறகு உறையில் கம்பி கோத்து ஈய முத்திரை இடுவார்கள். 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம், அரிசிக்கடைத் தராசையும் டாக்சி மீட்டரையும் ஒரே இனமாகவே கருதுகிறது. இரண்டும் விற்பவர் கையில் இருக்கும் அளவைகள். வாங்குபவரைக் காப்பது முத்திரை.

முத்திரை அளவைக் காக்கும், விலையைக் காக்காது. கட்டணம் உயரும்போதெல்லாம் நகரத்தின் எல்லா மீட்டர்களிலும் பற்சக்கரத்தை மாற்ற இயலாமல் பம்பாய் ஒரு கட்டண அட்டையை அச்சிட்டது. மீட்டர் காட்டும் எண்ணை அட்டையில் தேடி உரிய தொகையைக் காண வேண்டும். கருவி மெய் சொன்னது. ஆனால் பழைய காலத்து மெய்யைச் சொன்னது. மின்னணு மீட்டர்கள் வந்த பிறகே அட்டை தேவையற்றுப் போயிற்று.

சென்னையின் கதை வேறு. அங்கே ஆட்டோக்களில் மீட்டர் இருந்தது, ஓடவில்லை. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாயும், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாயும் என்று அரசு வரையறுத்தது. எரிபொருள் விலை ஏறிக்கொண்டே போக, பத்தாண்டு கடந்தும் அக்கட்டணம் மாறவில்லை. 'மீட்டருக்கு மேலே' என்னும் பேரத்தை ஓட்டுநரின் பேராசை என்று மட்டும் படிப்பது அரைகுறை வாசிப்பு. நின்ற இடத்திலும் ஏறிக்கொண்டே போகும் கடனுக்கு 'மீட்டர் வட்டி' என்று பெயரிட்ட தமிழ், இக்கருவியை எவ்வளவு அச்சத்தோடு பார்த்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

இன்று அந்த இடத்தில் கைப்பேசி அமர்ந்திருக்கிறது. டேஷ்போர்டில் ஒட்டிய ஒரு தாங்கி. அதன் திரை மறுபடியும் ஓட்டுநரையே பார்க்கிறது. பயணியிடம் வேறொரு திரை. பயணி செலுத்தும் தொகையும் ஓட்டுநருக்குச் சேரும் தொகையும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் கணக்கிடும் இடம் வண்டிக்குள் இல்லை. எந்த அதிகாரியும் கம்பி கோத்து முத்திரையிட அங்கே உறையும் இல்லை.

பழைய மீட்டரை நம்பாதவர்கள்கூட அதைச் சுட்டிக்காட்டிச் சண்டையிட முடிந்தது. இருவருக்கும் நடுவே, இருவர் கண்ணுக்கும் படும்படி ஒரே எண் இருந்தது. ஓட்டுநரும் பயணியும் இழந்தது அந்தப் பொது எண்ணைத்தான்.