நீரும் நாமமும்: நீலகிரியில் ஞானஸ்நானம்

கிறித்தவ சமயத்தின் நுழைவாயில் ஞானஸ்நானம். நீர், அந்நீரின்மேல் சொல்லப்படும் நாமம் ஆகிய இரண்டுமே அச்சடங்கின் உறுப்புகள். நீரைத் தெளிப்பதா, தலையில் ஊற்றுவதா, ஆளை முழுக்காட்டுவதா என்பதில் சபைகள் வேறுபட்டன. நாமம் பற்றிய வேறுபாடு அதனினும் ஆழமானது. மத்தேயு நற்செய்தியின் இறுதிப்பகுதி தந்தை, மகன், தூய ஆவி என மூவரைச் சுட்டுகிறது. அப்போஸ்தலர் நடபடிகளோ இயேசுவின் நாமத்தினால் பெற்ற ஞானஸ்நானங்களைக் கூறுகிறது. இறைவன் ஒருவரா, மூவரா, மூவராய் நிற்கும் ஒருவரா என்னும் வினாவுக்கு 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் விடை வகுத்தன. அவ்விடையைச் சுமந்து நீலகிரி ஏறியவர்கள், அங்கே நீருக்கும் நாமத்துக்கும் முன்னரே வேறு பொருள் வழங்கியதை எதிர்கொண்டனர்.

முதலில் ஏறியவர் தேடிச் சென்றது வேறொன்று. ‘தோடமலை’ என்னும் நாட்டில் பழைய கிறித்தவர்கள் தம் நெறி மறந்து வாழ்கின்றனர் என்றொரு செவிவழிச் செய்தி மலையாளக் கரையில் உலவியது. அதனை நம்பிக் கள்ளிக்கோட்டையிலிருந்து 1603-இல் புறப்பட்டார் இயேசு சபைத் துறவி பெனிசியோ. காடும் செங்குத்தான மலைவழியும் கடந்து அவர் கண்டது கிறித்தவர்களை அன்று; எருமை மேய்க்கும் தோடர்களையும் உழவுத் தொழில் செய்யும் படுகர்களையுமே. தோடர்களின் வழிபாட்டில் உருவச்சிலைகள் இல்லை. கழுத்தில் மணி கட்டிய எருமை ஒன்று அவ்விடத்தைப் பெற்றிருந்தது. அக்காலத்து ஐரோப்பியருக்குச் சிலை வணக்கத்தைக் கண்டிக்கத் தெரியும். சிலையே இல்லாத, பாலைச் சுற்றி அமைந்த ஒரு சமயத்தை எதில் சேர்ப்பது என்பது தெரியவில்லை. பெனிசியோ இறங்கிப் போனபின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைப்பணியாளர் எவரும் அங்கே நிலைகொள்ளவில்லை.

உதகையில் சல்லிவன் வீடு கட்டி, ஆங்கிலேயர் குடியேறி, தூய ஸ்தேவான் ஆலயமும் எழுந்த பின்னரே அடுத்த முயற்சி வேரூன்றியது. ஓய்வு பெற்ற நீதிபதி காசமேஜரின் ஆதரவால் 1846-இல் பாசல் மிஷன் கேத்தியில் காலூன்றியது. 1849-இல் இறந்த அவர் தம் செல்வத்தை அம்மிஷனுக்கே விட்டுச் சென்றார். அங்குப் பணியாற்றியவர்களுள் மெட்ஸ் என்பார் தனித்துச் சொல்லத்தக்கவர். படுகு மொழியைப் படுகரைப் போலவே பேசியவர். ஊர் ஊராக நடந்தவர். மலைவாழ் மக்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு 1864-இல் மங்களூரில் வெளிவந்தது. அத்தகையவர் உழைத்தும், முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல்தான். அவருக்கு ஆபிரகாம் என்னும் பெயர் இடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த முதல் பலன் அது.

இத்தயக்கத்தின் காரணத்தை மெட்ஸ் திரட்டிய செய்திகளிலேயே காணலாம். படுகரின் இழவுச் சடங்கில் பெரியவர் ஒருவர் இறந்தவரின் பாவங்களையும் அவர்தம் முன்னோரின் பாவங்களையும் அடுக்கிச் சொல்வார். ஊர்வனவற்றைக் கொன்றது, எல்லைக்கல்லைப் பெயர்த்தது என அப்பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் கூடியிருப்போர் அது பாவமே என ஒப்புவர். அப்பாவங்கள் ஒரு கன்றின்மேல் ஏற்றப்பட்டு, கன்று ஓட்டி விடப்படும். மெட்ஸ் திரட்டிய பாடல்களை 1871-இல் தம் நூலில் ஆங்கிலத்தில் தந்த கோவர் முதலாக இதனைக் கண்டோர் பலரும் வியந்தனர். லேவியராகமத்தில் பாவம் சுமந்து பாலைநிலம் செல்லும் ஆட்டுக்கடாவை அவர்கள் நினைவு கூர்ந்தனர். ஒப்புமை சரியே. ஆனால் அவ்வொப்புமைதான் இடையூறும் ஆயிற்று. பாவம் நீங்கும் வழி ஊரார் ஒப்புதலோடு முன்னமே இருக்கும்போது, ஒருவன் மட்டும் தனியே நீரில் தன் பாவத்தைக் கழுவிக்கொள்வது எதற்காக? ஞானஸ்நானம் பெற்றவனுக்குக் கன்று இல்லை. அவன் முன்னோரின் பாவம் அவனோடு சேர்த்துச் சொல்லப்படப் போவதும் இல்லை. ஹெத்தையை முன்னோர் தாயாய்ப் போற்றும் மக்களுக்கு இஃது இறைவனின் இயல்பு பற்றிய வாதத்தினும் பெரிய இழப்பு. மலைமக்களுக்குப் பாவ உணர்வே இல்லை எனச் சிலர் எழுதியது வெறும் அவசர முடிவு.

சொல்லும் ஒரு தடையே. மூன்று மொழிகள் கூடும் இம்மலையில் இச்சடங்குக்கு ஒரு பெயர் இல்லை. தமிழர் ‘ஞானஸ்நானம்’ என்றனர். கன்னட வேதாகமத்தில் வழங்கும் சொல் ‘தீட்சாஸ்நானம்’. மலையாளச் சிரியக் கிறித்தவரிடம் ‘மாமோதீசா’. படுகருள் லிங்கம் கட்டும் பிரிவினர் உண்டு. தீட்சை என்பது அவர்களுக்குப் புதுச்சொல் அன்று. அறிவு பெறும் குளியல், தீட்சை பெறும் குளியல் என ஒரே செயல் இரு வேறு சமய நினைவுகளை எழுப்பிற்று.

தேயிலைத் தோட்டங்களுக்குச் சமவெளியிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருள் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருந்தனர். அவர்கள் கொண்டுவந்த தமிழிலும் இறைவனுக்கு ஒரு பெயர் நிலைக்கவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தலைப்பிலேயே ஒரு பெயரைத் தாங்கியது. சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது, ஞானஸ்நானத்தையும் ‘திருமுழுக்கு’ ஆக்கியது.

மூன்றாமவரின் கதை தமிழ் அறிந்தோர்க்குச் சுவையானது. கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘இஸ்பிரீத்து சாந்து’ எனப் போர்த்துக்கீசியச் சொல்லையே வைத்துக்கொண்டனர். ‘ஆவி’ எனத் தமிழாக்கினால் அஃறிணை; அஃறிணையாயின் அவர் ஓர் ஆள் அல்லர், ஓர் ஆற்றல் மட்டுமே என்றாகிவிடும். 381-இல் சங்கம் கூடித் தீர்த்த வழக்கைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘ஆவியானவர்’, ‘ஆவியார்’ என ஒரு விகுதியால் தீர்த்தனர். திணை இலக்கணம் இறையியலாகிய இடம் இது. மத்தேயு நற்செய்தியில் மூவருக்கும் சேர்த்து ‘நாமம்’ என ஒருமையே நிற்பதும் வாதத்துக்கு இடமாயிற்று. 1913-க்குப் பின் அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபையாருள் ஒரு சாரார், அவ்வொரே நாமம் இயேசு என்பதே எனக் கொண்டு, முன்பு மூவர் பெயரால் முழுக்குப் பெற்றவர்களுக்கு மீண்டும் முழுக்களித்தனர். 1916-இல் அசெம்பிளிஸ் ஆப் காட் சபை திரித்துவக் கொள்கையை உறுதி செய்ய, அவர்கள் பிரிந்தனர். அப்பிரிவின் வழிவந்த சபைகள் தமிழகத்திலும் உள்ளன.

தோடரிடம் நாமத்தின் நிலை முற்றிலும் வேறு. 1906-இல் ரிவர்ஸ் வெளியிட்ட நூல் அதனை விரிவாகப் பதிந்துள்ளது. பால்மனையில் பணி ஏற்பவன் ஒருவகை மரப்பட்டையின் சாறு கலந்த நீரை இலையில் ஏந்திப் பருகி, உடலிலும் தேய்த்துத் தூய்மை பெறுவான். அச்சடங்கின் பெயரிலேயே ‘நீர்’ என்னும் நம் சொல் இருக்கிறது. பால்மனைக்கு எடுக்கும் நீர் வேறு, வீட்டுக்கு எடுக்கும் நீர் வேறு. அவர்தம் வேண்டுதலோ பெரும்பகுதி பெயர்களின் அடுக்கு. ஊர், எருமை, மணி, பாற்கலம், ஓடை ஆகியவற்றுக்குரிய புனிதப் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி, ஒவ்வொன்றோடும் ‘இதன்பொருட்டு’ எனப் பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்ப்பர். அதன் பின்னரே வேண்டுவது வரும். தேய்கிர்சி, இறந்தோர் உலகை ஆளும் ஓன் முதலிய தெய்வங்கள் அவர்களுக்கு உண்டு. எனினும் வேண்டுதல் அத்தெய்வங்களை நேரே விளிப்பதில்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெனானா மிஷனைச் சேர்ந்த காதரின் லிங் அம்மையாரின் பணியால் தோடருள் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் காலப்போக்கில் மந்து வாழ்விலிருந்து விலகித் தனிச் சமூகமாயினர். பிற கிறித்தவரோடு மண உறவும் கொண்டனர். பள்ளியும் மருத்துவமும் அவர்களுக்கு வாய்த்தன. பால்மனைப் பணி வாய்க்கவில்லை. மூவரின் ஒரு நாமத்தை ஏற்றபோது, ஓடைக்கும் மணிக்கும் எருமைக்கும் உரிய பெயர்களை வேண்டுதலில் சொல்லும் உரிமை அவர்களிடமிருந்து போயிற்று. ஞானஸ்நானம் பெறாத தோடர்களின் மந்துகளில் அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.